விசுவாசியும் நம்பாதவரும் பேசும்போது எங்கே சறுக்குகிறது?

என் அக்கா விசுவாசி. நான் 22 வயதில் சபைக்குப் போவதை நிறுத்தியவன். அதற்குப் பிறகு எத்தனையோ ராத்திரி நாங்கள் கடவுளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். திரும்பிப் பார்த்தால் அதில் பாதி பேச்சே இல்லை, ஆளுக்கொரு பிரசங்கம்.

யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே நான் தீர்க்கப்போவதில்லை. ஒரு கிறிஸ்தவரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சு எந்தெந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பது மட்டும்தான் விஷயம். எங்கள் வீட்டுக் கணக்குப்படி, ஒருவர் கேட்காத கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லித்தான் பெரும்பாலான சண்டைகள் மூண்டன.

ஒரே சொல், இரண்டு அர்த்தம்

முதல் தவறு சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. சபைக்கு வெளியே இருப்பவர் காதில் 'விசுவாசம்' என்றால் எஜமானிடம் வேலைக்காரன் காட்டும் பற்று, நாய்க்கு உண்டு என்கிற குணம். சபைக்குள் அந்தச் சொல்லின் கனமே வேறு. "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்று எபிரெயர் 11:1 சொல்வதைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். கத்தோலிக்கர்கள் 'நம்பிக்கை' என்பார்கள். அதிலும் சிக்கல் உண்டு. நாளைக்கு மழை வரும் என்று நம்புவதும், ஒரு மனுஷியை நம்பி வாழ்க்கையை ஒப்படைப்பதும் தமிழில் ஒரே வினைச்சொல். நம்பாதவர் முதல் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு "ஆதாரம் எங்கே?" என்கிறார். கிறிஸ்தவர் இரண்டாவது அர்த்தத்தில் நின்றுகொண்டு "உங்கம்மாவ ஆதாரம் கேட்டுட்டா நம்பினே?" என்கிறார். இரண்டுமே நல்ல கேள்விதான். ஆனால் ஒன்றுக்கு ஒன்று பதில் ஆகாது.

'பாவம்' இன்னும் மோசம். "ஐயோ பாவம்" என்று இரக்கப்படும்போது வாயில் வரும் சொல் அது. "நாமெல்லாம் பாவிகள்" என்று ஒரு கிறிஸ்தவர் சொன்னதும் எதிரில் இருப்பவர் "நான் யார் சொத்தைத் திருடினேன்?" என்று சிலிர்த்துக்கொள்கிறார். சொன்னவர் மனதில் இருந்ததோ மனிதன் கடவுளை விட்டு விலகிப்போன நிலை; செய்த குற்றங்களின் பட்டியல் அதற்குப் பிறகுதான் வரும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அந்த இடத்தில் உள்ள 'ஹமார்த்தியா' என்ற சொல்லின் வேருக்கே குறி தவறுவது என்றுதான் பொருள். இதை விளக்காமல் 'பாவி' என்று சொன்னால் அது திட்டாகத்தான் விழும்.

'சாட்சி' என்ற சொல்லில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். அக்கா ஒருமுறை நெடுநாள் காய்ச்சலில் இருந்து மீண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் புகுந்து, "டாக்டர் குடுத்த மாத்திரையையும் சாப்பிட்டேல்ல?" என்றேன். அவள் நிறுத்திவிட்டாள். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்து, முந்தானையால் அதன் அடியைத் துடைத்தாள். "நான் கேஸா நடத்துறேன்?" என்றாள், அவ்வளவுதான். எனக்குச் சாட்சி என்றால் கோர்ட், கூண்டு, குறுக்கு விசாரணை. அவளுக்கு அது தன் வாழ்க்கையில் நடந்ததை நன்றியோடு சொல்வது. மாத்திரை சாப்பிட்டதை அவள் மறுக்கவே இல்லையே!

இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1948 ஜனவரியில் பிபிசி வானொலியில் இயேசு சபைக் குருவான ஃபிரெடெரிக் கோப்பிள்ஸ்டனும் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் கடவுள் உண்டா என்று விவாதித்தார்கள். கோப்பிள்ஸ்டன் முதலில் செய்தது வாதம் இல்லை. உலகிலிருந்து வேறான, உலகைப் படைத்த, ஆளுமை கொண்ட உன்னதமான ஒருவர் என்ற பொருளில்தான் 'கடவுள்' என்று சொல்கிறேன், சம்மதமா என்று கேட்டார். ரஸ்ஸல் சம்மதித்தார். அடுத்து, உங்கள் நிலை கடவுள் இல்லை என்பதா, தெரியாது என்பதா என்று கேட்டார். தெரியாது என்பதுதான் என்றார் ரஸ்ஸல். விவாதம் முடிந்தபோது இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் எதில் ஒத்துப்போகவில்லை என்பது இருவருக்கும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நாங்கள் அந்த இடத்துக்கு வரவே பல வருஷம் ஆனது.

வசனத்தைத் தூக்கி அடிப்பது

வேதத்தைக் கடவுளின் வார்த்தையாக ஏற்காதவரிடம் வேத வசனத்தையே ஆதாரமாக நீட்டுவது, கடன் பத்திரத்தில் கடன் கேட்பவரே சாட்சிக் கையெழுத்தும் போடுவது மாதிரி. நான் ஏன் நம்புகிறேன் என்று விளக்க வசனம் உதவும். நீ ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு அது செல்லாது.

அதிலும் "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்ற சங்கீதம் 14:1-ஐ எடுத்தால் கதை முடிந்தது. மதிகேடன் என்று ஒருவரை அழைத்த பிறகு அவரிடம் என்ன பேச இருக்கிறது? அந்தச் சங்கீதத்தை முழுதாகப் படித்தால் தெரியும்: அப்பத்தைத் தின்பதுபோல ஜனங்களைத் தின்கிறவர்கள் நாலாம் வசனத்திலேயே வருகிறார்கள். எபிரெயத்தில் உள்ள 'நாபால்' என்ற சொல்லும் மூளைக் குறைவைவிட நடத்தைக் கேட்டைத்தான் அதிகம் சுட்டும். கேட்பாரில்லை என்ற தைரியத்தில் அக்கிரமம் செய்பவனைப் பற்றிய பாட்டு அது. இரவெல்லாம் யோசித்து நம்ப முடியாமல் போனவரை அது மனதில் வைத்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கமும் இதே விளையாட்டு உண்டு. பழைய ஏற்பாட்டின் சட்டப் புத்தகமான லேவியராகமத்தை எடுத்துக்கொண்டு, "துடுப்பும் செதிளும் இல்லாத மீனைத் தின்னக்கூடாதாமே, இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தக்கூடாதாமே, நீ உடுத்துறியே" என்று மடக்கப் பார்ப்பது. யூதரல்லாத விசுவாசிகள் மோசேயின் சட்டத்தைச் சுமக்க வேண்டுமா என்பது முதல் நூற்றாண்டிலேயே எருசலேமில் கூடிப் பேசிய பிரச்சினை. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதி அதுதான். எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள், எந்த அளவுகோலால் என்று கேட்டால் அது கஷ்டமான, நேர்மையான கேள்வி. "மாட்டிக்கிட்டியா" என்ற தொனியில் கேட்டால், அந்தப் புத்தகத்தை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்கிற ஆதியாகமத்தின் விஷயமும் இப்படித்தான். எல்லாக் கிறிஸ்தவர்களும் அதை 24 மணி நேர நாள்களாக எண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு தாக்குவது வீண். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய ஆயர் அகுஸ்தீன், வானம், கிரகம் பற்றித் தெரியாத கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் உளறி நம்பாதவர்களைச் சிரிக்க வைக்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். 1,600 வருஷத்துப் பழைய எச்சரிக்கை.

காதில் விழுந்த சரித்திரம்

டார்வின் சாகும்போது பரிணாமத்தைக் கைவிட்டு மனந்திரும்பினார் என்று அக்காவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். டார்வின் இறந்தது 1882-இல். இந்தக் கதை 1915-இல் அமெரிக்காவில் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகையில் முளைத்தது. கடைசி நேரத்தில் பக்கத்திலேயே இருந்த மகள் ஹென்ரியட்டா 1922-இல், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுத்திலேயே மறுத்தார். நான் அன்று ரொம்பத் துள்ளினேன். ஆனால் டார்வின் 1879-இல் எழுதிய ஒரு கடிதத்தில், கடவுள் இல்லை என்று மறுக்கும் நாத்திகனாகத் தான் ஒருபோதும் இருந்ததில்லை, அக்னாஸ்டிக், அதாவது கடவுள் உண்டா இல்லையா தெரியாது என்பவர், என்பதே பொதுவாகத் தனக்குப் பொருந்தும் என்று சொல்லியிருக்கிறார். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

என் பங்குக்கு நான் பரப்பிய பொய், கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் பற்றியது. "325-இல் கான்ஸ்டன்டைன் ராஜா ஆட்களைக் கூட்டி எந்தப் புத்தகம் பைபிளில் இருக்கணும்னு ஓட்டுப் போட்டுத் தீர்மானிச்சான்." பல வருஷம் இதைச் சொல்லித் திரிந்தேன். அங்கே பேசியது, குமாரன் பிதாவுக்குச் சமமா என்று ஆரியஸ் என்ற குரு கிளப்பிய பிரச்சினை, ஈஸ்டர் தேதி, இன்னும் சில சபை ஒழுங்குகள். பைபிள் பட்டியலைத் தீர்மானித்ததாக அந்தச் சங்கத்தின் விதிகளில் எதுவும் இல்லை. இன்றைக்குள்ள புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே அடுக்கும் பழைய பட்டியலாகக் கிடைப்பது, 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதம். இது தெரியவந்த அன்று அக்காவுக்குப் போன் போட்டு, "நான் சொன்னது தப்புக்கா" என்றேன். எங்கள் பேச்சில் அதற்கு முன் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதே இல்லை.

பெருவெடிப்பையும் இரண்டு பக்கமும் இழுக்கும். அந்தக் கருத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெத்ர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. "விஞ்ஞானம் வந்தது, மதம் போச்சு" என்பவர்களுக்கு அவர் இடைஞ்சல். ஆனால் 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது சங்கடப்பட்டவரும் அதே லெமெத்ர்தான். என் சமன்பாட்டை என் விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க நிறுத்தாதீர்கள் என்பதுதான் அவர் நிலைப்பாட்டின் சாரம்.

"அப்புறம் ஏன் கொலை பண்ணாம இருக்கே?"

கடவுள் பயம் இல்லாதவன் எப்படி நல்லவனாக இருப்பான் என்று கேட்பவர் பெரும்பாலும் அவமானப்படுத்த நினைப்பதில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் காதில் அது, "உன்னைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கு" என்றுதான் விழும். இங்கே இரண்டு கேள்விகள் கலந்துகிடக்கின்றன. நம்பிக்கை இல்லாமல் ஒருவர் நல்லவராக வாழ முடியுமா? சுற்றிலும் பார்த்தாலே விடை தெரியும். நல்லது என்று ஒன்று இருப்பதற்கு அடிப்படை என்ன? இது உண்மையிலேயே கடினம். நம்பாதவரும் இதற்கு உழைத்துப் பதில் தேட வேண்டும். நம்புகிறவருக்கும் லேசில்லை. கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் கடவுள் விரும்புகிறாரா என்ற சிக்கலைச் சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதி 2,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"கடவுள் இருந்துட்டா என்ன செய்வே? நம்பி வெச்சா நஷ்டமில்லையே" என்பது 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கலின் பந்தயத்தைத் தேய்த்துக் கொடுப்பது. எந்தக் கடவுள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நம்பிக்கை ஸ்விட்ச் போட்டால் எரிகிற விளக்கும் இல்லை. இது பாஸ்கலுக்கே தெரியும், அதனால்தான் நம்ப முடியாதவன் என்ன செய்யலாம் என்று அவர் மேலும் எழுத வேண்டியிருந்தது.

நேரம்

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வராந்தாவில் வைத்து அக்காவிடம், "எங்கே உன் கடவுள்?" என்று கேட்டேன். தத்துவத்தில் அதற்குத் தீமை பற்றிய பிரச்சினை என்று பெயர், அதைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியிருக்கிறார்கள். அந்த வராந்தாவில் அது கேள்வியே இல்லை, கல். எதிர்ப்பக்கத்துக் கல்லும் அன்றே வந்தது: பார்க்க வந்த ஒருவர் என் தோளைத் தட்டி, "எல்லாம் தேவ சித்தம், இதுல உனக்கும் ஒரு பாடம் இருக்கு" என்றார். பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் கெட்டார்கள்.

எதிரில் இருப்பவரை நாமே எழுதிக்கொள்வது

நம்பாதவர் எல்லாரும் ஒரே ரகம் என்று நினைப்பது பெரிய பிழை. இல்லவே இல்லை என்று வாதிடுபவர் ஒருவர். தெரியாது என்பவர் இன்னொருவர். 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லைத் தாமஸ் ஹக்ஸ்லி 1869-இல் உருவாக்கியதே, முன்பிருந்த பெயர்களில் எதுவும் தனக்குப் பொருந்தாததால்தான். கடவுளைப் பற்றி யோசிக்கவே நேரமில்லாதவர் உண்டு. சபையில் காயப்பட்டு வெளியே வந்தவர் உண்டு. அவரிடம் பிரபஞ்சத்தின் தோற்றத்துக்கு வாதம் வைப்பது, பல் வலிக்காரனுக்குக் கண்ணாடி மாட்டுவதுபோல.

அதே பிழையை நானும் செய்தேன். அக்காவுக்குச் சந்தேகமே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவளை மடக்க ஒரு வசனம் தேடி அவள் பைபிளைப் புரட்டியபோது மாற்கு 9:24-இல் பென்சில் கோடு கண்ணில் பட்டது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரு கோடு இல்லை, வேறு வேறு காலத்தில் போட்ட மூன்று கோடுகள், ஒன்று அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. தேடிப் போன வசனம் எது என்று இப்போது நினைவில்லை.

"உனக்காக ஜெபிக்கிறேன்"

வாதம் திணறும்போது இதைச் சொல்லி எழுந்து போகும் கிறிஸ்தவர்கள் உண்டு. நம்பாதவர் காதில் அது, "நீ நோயாளி, நான் டாக்டர்" என்று கேட்கும். பேச்சை முடிக்க வேண்டுமென்றால், இன்றைக்குப் போதும் என்று நேராகவே சொல்லலாம். எங்கள் பக்கத்துத் தவறு, அந்த வரியில் பாசமே இருக்காது என்று முடிவுகட்டுவது. நானும் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்தேன். போன மாதம் கோபமில்லாமல் கேட்டுப் பார்த்தேன்: "என்னன்னு சொல்லிக்கா ஜெபிக்கிறே?"

"மொதல்ல உன் முட்டி வலி. அப்புறம் நீ ராத்திரி தூங்கணும்னு. அப்புறம் மத்தது."

மற்றது என்னவென்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முட்டி வலி எப்படி இருக்கு என்று மட்டும் கேட்டாள்.