கறிக்கோழித் தீவனத்தில் எண்ணெய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீவனத்தைத் தாமே அரைத்துக் கலக்கும் பண்ணையாளர்கள் பலர், எடை வரவில்லை என்றதும் மற்ற எதையும் மாற்றாமல் எண்ணெயை மட்டும் கூட்டிவிடுகிறார்கள். தாவர எண்ணெய் டானிக் அல்ல. ஒரு கிலோ மக்காச்சோளத்தில் கோழிக்குக் கிடைக்கும் எரிசக்தி ஏறக்குறைய 3,300 கிலோ கலோரி என்றால், சோயா எண்ணெயில் அது 8,800ஐ ஒட்டி இருக்கும். நூறு கிலோ தீவனத்தில் 3 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு அதே அளவு எண்ணெயைச் சேர்த்தால், கிலோவுக்கு 3,000 கிலோ கலோரியாக இருந்த தீவனம் 3,160ஐத் தாண்டும். 21 சதவீதமாக இருந்த புரதமோ சற்றே இறங்கும். எரிசக்திக்கும் புரதத்துக்கும் இருந்த பழைய விகிதம் நிலைக்கப் புரதத்தை 22 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களின் அளவுகளும் அதற்கேற்பக் கூட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மிஞ்சும் எரிசக்தி அடிவயிற்றில் மஞ்சள் கொழுப்பாகத் திரண்டு, தராசில் தெரிந்த எடை கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடலோடு கழிவுக் கூடைக்குப் போய்விடும்.

குஞ்சின் வயதைப் பாராமல் எண்ணெயைத் தேர்வது அடுத்த தவறு. முதல் பத்து நாள்களில் பித்தநீரும் கொழுப்பைச் செரிக்கும் நொதியும் போதிய அளவு சுரப்பதில்லை. பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு கொண்ட பாமாயிலை அந்தக் குடல் சரியாக ஏற்காது. உறிஞ்சப்படாத கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு கூடிச் சோப்பாகி எச்சத்தில் வெளியேறுவதால் கால்சியமும் வீணாகும், கொட்டகைத் தரையில் பரப்பிய கூளமும் பிசுபிசுக்கும். ஆகவே தொடக்கத் தீவனத்துக்குச் சோயா எண்ணெய் ஒன்றிரண்டு சதவீதம் போதும்; பாமாயிலைப் பின்னர், சோயா எண்ணெயோடு கலந்து கொடுத்தால் அதன் செரிமானமும் மேம்படும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது காறிய எண்ணெய். தகரக் கூரையின் கீழ் மூடி திறந்து கிடக்கும் பீப்பாயில் எண்ணெய் வெப்பத்தாலும் காற்றாலும் கெட்டு, தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யையும் அழிக்கிறது. இரண்டு முதல் நான்கு வார வயதில் குஞ்சுகள் தள்ளாடி, தலையைப் பின்னுக்கு வளைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து கால்களை உதைத்துக்கொள்ளும். இதை ராணிக்கெட் என்னும் வைரஸ் நோய் என்று எண்ணித் தடுப்பூசியைக் குறை சொல்வதும் உண்டு. இறந்த குஞ்சின் சிறுமூளை வீங்கி ரத்தப் புள்ளிகளோடு இருந்தால் தீவனத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுத்திகரிக்காத தவிட்டு எண்ணெயை, தவிட்டிலுள்ள நொதி விரைவில் புளிக்கச் செய்யும் என்பதால், அது எவ்வளவு புளித்திருக்கிறது என்பதைக் காட்டும் அமில மதிப்பைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பலகாரக் கடையில் பொரித்துத் தீர்ந்த எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். 1999இல் பெல்ஜியத்தில், மறுசுழற்சிக் கொழுப்பில் மின்மாற்றி எண்ணெய் கலந்து தீவனத்துக்குள் புகுந்ததில், டையாக்சின் என்னும் நச்சு பற்றிய அச்சத்தால் கோழியும் முட்டையும் கடைகளிலிருந்தே அகற்றப்பட்டன. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணெய்க்கு எந்த விலையும் மலிவல்ல.

கலக்கும் முறையிலும் கவனம் வேண்டும். உலர்பொருள்கள் நன்கு கலந்த பிறகே எண்ணெயைத் தெளிக்க வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் வைட்டமின், தாதுக்கள் அடங்கிய பிரீமிக்ஸ் கட்டிபட்டு, சில கோழிகளுக்கு அதிகமாகவும் சிலவற்றுக்கு இல்லாமலும் போகும். குச்சித் தீவனமானால் அச்சுக்கு முன் இரண்டு சதவீதத்தோடு நிறுத்தி மீதியை அச்சிட்ட பின் மேலே தெளிப்பது நல்லது. இல்லையேல் குச்சிகள் உடைந்து தீனித் தட்டின் அடியில் தூளாகத் தங்கிவிடும்.