சுகர் எறங்கிருச்சு, சரிங்க, கிட்னிய யாரு பாக்கறது?

எங்க மாமாவுக்கு கோபி பக்கம் மஞ்சக்காடு, 118 கிலோ ஆளு, 14 வருசமா சுகர். போன வருசத்துக்கு முந்துன வருசம் கோயமுத்தூர்ல பைபாஸ் பண்ணுனாங்க. இதயத்துல பண்றதில்லீங்க, எடையும் சுகரும் கொறையறதுக்கு வயித்த சின்னதாக்கி சிறுகுடலோட நேரா சேத்து தைக்கறது. ரெண்டுக்கும் ஒரே பேரா இருக்கறதுனால பாக்க வந்த ஒறம்பரைல பாதிப்பேரு அவரு நெஞ்சத்தான் உத்து உத்து பாத்துட்டு போனாங்க.

ஒரு வாரத்துல எடை பெருசா எறங்கல, ஆனா சுகர் எறங்கிருச்சு. இதுல மாயமெல்லாம் இல்லீங்க, சாப்பாடு சுத்து வழிய விட்டுட்டு சிறுகுடலோட கீழ்ப்பக்கம் வேகமா போயி சேருது, அங்க ஜிஎல்பி-1ங்கற ஹார்மோன் நெறையா சொரக்குது, அது இன்சுலினை தட்டி எழுப்புது, போதாததுக்கு உங்கறதும் கைப்பிடி அளவு ஆயிருது. இந்த எடத்துலதான் நம்மாளுங்க சறுக்கறது. மாமா 104னு மிசின்ல பாத்ததும் சுகர் மாத்தர, பிரசர் மாத்தர, கொழுப்பு மாத்தர எல்லாத்தையும் மூட்ட கட்டி பீரோவுல வெச்சுட்டாரு.

சுகர் மாத்தரைய கொறைக்கத்தான் வேணும். கிளிமிபிரைடு மாதிரி மாத்தரைய பழைய அளவுலயே போட்டா சுகர் ரொம்ப எறங்கி மயக்கம் வந்துரும். பிரசர் மாத்தரையும் அப்படித்தான், அதுலயும் நீர் போறதுக்குன்னு குடுக்கற மாத்தரைய, தண்ணி சரியா குடிக்க முடியாத நேரத்துல அதே டோஸ்ல போட்டுட்டு இருந்தா கிட்னி திடீர்னு மக்கர் பண்ணும். ஆனா எத நிறுத்தறது எத வெக்கறதுன்னு டாக்டர்தான் சொல்லோணும். டெல்மிசார்டான் மாதிரி மாத்தர பிரசருக்கு மட்டுமில்ல, கிட்னில புரதம் ஒழுகறத கொறைக்கறதுக்கும் குடுப்பாங்க, கொழுப்பு மாத்தர இதயத்துக்கு. சுகர் எறங்குனதுக்கும் அதுங்கள நிறுத்தறதுக்கும் என்னங்க சம்பந்தம்?

ஆபரேசனே வேஸ்ட்டுன்னு நான் சொல்லல. பிரேசில்ல, சுகரால கிட்னி கெட ஆரம்பிச்ச 100 பேர ரெண்டா பிரிச்சு பாத்தாங்க. ரெண்டு வருசத்துல பைபாஸ் பண்ணுனவங்கள்ல 82 சதவீதம் பேருக்கு அந்த ஒழுகல் நின்னுருச்சு, நல்ல மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 55. சுகர் விசயத்துல அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் கிளினிக் 150 பேர வெச்சு பண்ணுன ஆய்வுல, அஞ்சு வருசம் கழிச்சு மூணு மாச சுகர் சராசரி (எச்பிஏ1சி) 6க்குள்ள நின்னது பைபாஸ்ல 29 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 5. பெரிய வித்தியாசந்தான், ஆனா நூத்துக்கு மீதி 71 பேரையும் நெனச்சு பாருங்க.

அடுத்தது எனக்கு ரொம்ப கோவம் வர்ற விசயம், வலி மாத்தர. முழங்கால் வலின்னு மாமா மெடிக்கல்ல சொல்லி டைக்குளோபினாக் வாங்கி போட்டுட்டு இருந்தாரு, ஊட்ல யாருக்கும் தெரியாது. பைபாஸ் பண்ணுன வயித்துல தையல் போட்ட எடத்துல புண்ணாகும், ஏற்கனவே நொந்த கிட்னிக்கு ரத்த ஓட்டமும் கொறையும். ஒரே மாத்தரைல ரெண்டு கேடு.

தண்ணிய முன்ன மாதிரி சொம்போட மொடக்கு மொடக்குன்னு குடிக்க முடியாது, சித்தெ சித்தெ நாள் முழுக்க குடிக்கோணும். சித்திர வெயில்ல காட்டுல நிக்கறவங்களுக்கு இது சாதாரண வேலை இல்லீங்க. குடிக்கலீன்னா கல்லு வரும். கல்லு வந்துருமேன்னு கால்சியம் மாத்தரைய நிறுத்தறாங்க பாருங்க, அது தலகீழ் வேலை. பைபாசுக்கு பொறவு ஜீரணமாகாத கொழுப்பு குடல்ல இருக்கற கால்சியத்த புடிச்சுக்குது, அதனால சாப்பாட்டுல இருக்கற, கல்லு உண்டாக்கற ஆக்சலேட்டுங்கற உப்பு தனியா நின்னு ரத்தத்துல ஏறி கிட்னிக்கு வருது. சாப்பாட்டோட கால்சியம் போட்டா அது ஆக்சலேட்ட கட்டிப் போட்டுரும்.

ஆபரேசனுக்கு முந்தி ஒண்ணு, சுகர ஒண்ணுக்கு வழியா வெளியேத்தற டபாகிளிப்ளோசின் மாதிரி மாத்தரைய மூணு நாளைக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. மறந்துட்டா சுகர் நார்மலா இருக்கறப்பவே ரத்தத்துல அமிலம் ஏறிக்கும்.

கடைசியா கிரியேட்டினின், கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறும். மாமாவுக்கு அது 1.4ல இருந்து 1.1க்கு வந்ததும் கிட்னி சரியாயிருச்சுன்னு ஊருக்கே சொல்லியாச்சு. கிரியேட்டினின் சதைல இருந்து வர்றது, 35 கிலோ போனதுல சதையும் கொஞ்சம் போயிருக்கும், அதனாலயே நம்பர் நல்லா தெரியும். சந்தேகமிருந்தா சதைய அவ்வளவா நம்பி இருக்காத சிஸ்டாட்டின் சின்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அதோட ஒண்ணுக்குல ஆல்புமின்ங்கற புரதம் ஒழுகுதான்னு பாக்கற டெஸ்ட் கண்டிப்பா வேணும், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு கீழ இருக்கோணும். மாமாவுக்கு 180 இருந்துச்சு.

இப்ப ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்ட போடப் போறப்பெல்லாம் சின்ன டப்பாவுல புடிச்சுட்டு போயி லேப்ல குடுத்துட்டு வந்தர்றாரு. காலைல எந்திரிச்சதும் போற மொத ஒண்ணுக்கா இருந்தா நல்லதுங்க.