பல்பை ரீசெட் செய்வதற்கு முன்: ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பில் ஒரு ஸ்மார்ட் பல்பு 'ஆஃப்லைன்' என்று காட்டினால் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை அதை ரீசெட் செய்வதுதான். நானும் வெகுநாள் அப்படித்தான் இருந்தேன். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பதினொரு சாதனங்களை ரீசெட் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் மறுபடி பெயர் வைத்து, டைமர்களை எல்லாம் திரும்ப எழுதி முடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பல்பு எதுவும் கெடவில்லை. ரூட்டரை மாற்றிய அன்று வைஃபை பெயரில் ஒரு சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்டியிருந்தேன், அவ்வளவுதான். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்திருந்தால் பதினொன்றும் தாமாக வந்து ஒட்டியிருக்கும்.

ரீசெட் செய்தால் சாதனத்தின் நினைவோடு தடயமும் அழிந்துபோகும். அதனால் முதலில் கேட்க வேண்டியது: விழுந்தது ஒன்றா, எல்லாமா? ஒன்று மட்டும் என்றால் அதன் கரண்ட், பேட்டரி, தூரம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே கம்பெனியின் சாதனங்கள் எல்லாம் ஒன்றாக விழுந்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சர்வரில் கோளாறு. பேசாமல் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். எல்லாக் கம்பெனிச் சாதனங்களும் விழுந்திருந்தால் ரூட்டர் பக்கம் போங்கள். குரலில் சொன்னால் எரியாத விளக்கு ஆப்பில் தொட்டால் எரிகிறதா? அப்படியானால் கோளாறு விளக்கில் இல்லை, குரல் உதவியாளருக்கும் அந்த ஆப்புக்கும் நடுவே இருக்கும் கணக்கு இணைப்பில்.

ரூட்டரில் ஒளிந்திருக்கும் கோளாறுகள்

விலை குறைந்த வைஃபை பிளக், பல்பு, கேமரா பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். இன்றைய ரூட்டர்களோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கின்றன. போன் 5-இல் நிற்கும், புதுப் பிளக் 2.4-இல் தேடும், ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும். இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வைத்தால் போதும். அந்த வசதி ரூட்டரில் இல்லையென்றால் போனோடும் பிளக்கோடும் வீட்டின் கடைசி அறைக்குப் போய் இணைத்துப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டித் தூரம் போகாது என்பதால் போன் தானாக 2.4-க்கு இறங்கிவிடும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் பல தடவை எனக்குக் கைகொடுத்த வழி இது.

பழைய சாதனங்கள் சிலவற்றுக்கு டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை புரியாது. ரூட்டரில் அதை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் 'தவறு' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். சாதனங்களை கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கென்று ரூட்டர் தரும் தனி வைஃபையில்) தனியாக வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கலாம். அப்போது இன்டர்நெட் வழியாக வேலை செய்யும் விளக்கு, வீட்டுக்குள் நேரடியாகப் பேச முடியாமல் திணறும்.

ஜிக்பீ என்றால் வேறு கதை

ஜிக்பீயும் த்ரெட்டும் வைஃபை இல்லாமல் சாதனங்கள் தங்களுக்குள் பேச உதவும் ரேடியோ முறைகள். இரண்டும் மெஷ் வகை, அதாவது சாதனத்திலிருந்து சாதனத்துக்குத் தாவிப் போகும் வலை. கரண்டில் எப்போதும் ஓடும் பிளக்கும் பல்பும் பக்கத்துச் சாதனங்களின் செய்தியை வாங்கிக் கடத்தும். பேட்டரி சென்சார்கள் கடத்தாது. இதை அறியாமல் இருபது கதவு சென்சார்களை வாங்கி, நடுவே ஒரு பிளக் கூட இல்லாமல் வைத்துவிட்டு, கடைசி அறைச் சென்சார் ஏன் அறுந்துகொண்டே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இன்னொரு வேடிக்கையும் நடக்கும். ஸ்மார்ட் பல்பை யாரோ சுவர் சுவிட்சில் அணைத்துவிடுவார்கள். பல்போடு, அதை நம்பியிருந்த சென்சாரும் காணாமல் போகும். வீட்டில் எல்லோரும் சுவிட்சைத் தட்டிப் பழகியிருந்தால், பழக்கத்தோடு மல்லுக்கட்டாமல், ஸ்மார்ட் பல்புக்குப் பதிலாக ஸ்மார்ட் சுவிட்சை வாங்குங்கள்.

ஜிக்பீக்கும் வைஃபைக்கும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் சாலைதான். சேனல் என்பது அந்தச் சாலையின் ஒரு தடம்; இரண்டும் அதற்கு வேறு வேறு எண் வைத்திருக்கின்றன. வைஃபை தன் எண்களில் 1, 6, 11 சேனல்களில் ஓடும் வீட்டில் ஜிக்பீக்கு மிஞ்சும் இடைவெளிகள், ஜிக்பீ எண்களில் 15, 20, 25 ஆகிய சேனல்கள். ஜிக்பீ சேனலை மாற்றினால் சில சாதனங்களைத் திரும்ப இணைக்க நேரும். ஆகவே வைஃபையை நகர்த்துவது சுலபம், நகர்த்தியபின் 'ஆட்டோ'வில் விடாமல் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் ரூட்டர் தானாக மறுபடி சேனலை மாற்றி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

கம்ப்யூட்டரில் யூஎஸ்பி ஜிக்பீ ஸ்டிக் (ஜிக்பீ சாதனங்களோடு பேசும் சின்ன ரேடியோ) செருகி ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஒன்று. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும் என்று 2012-லேயே இன்டெல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஸ்டிக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். காசைக் கொட்டி வாங்கிய ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் சொருகிவிட்டு 'ஜிக்பீ சரியில்லை' என்று திட்டுவது நியாயமில்லை.

சுவருக்குள் இருப்பது

சுவிட்ச் வாங்குவதற்கு முன் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் கரண்ட் வரும் ஃபேஸ் மட்டும்தான் இறங்கியிருக்கும். நியூட்ரல் வேண்டாத சுவிட்சுகளும் கிடைக்கின்றன. ஆனால் அவை அணைந்திருக்கும்போதும் உயிரோடு இருக்கக் கொஞ்சம் மின்சாரத்தை விளக்கு வழியாகவே இழுக்கும். பழைய குண்டு பல்புக்கு அது உறைக்காது, எல்இடிக்கு உறைக்கும். அணைத்த பிறகும் மங்கலாக எரியும், அல்லது விட்டுவிட்டு மினுக்கும். விளக்கை மாற்றிப் பயனில்லை; அந்த சுவிட்சுக்கென்று வரும் பைபாஸ் கபாசிட்டரை எலக்ட்ரீஷியனை வைத்து விளக்கோரம் போட வேண்டும்.

பிளக்குகளில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. பிளக் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் எதையும் சொருகலாம் என்று நினைத்துவிடுகிறோம். 230 வோல்ட்டில் 2,000 வாட் ஹீட்டர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். கணக்குப்படி சரிதான், ஆனால் மணிக்கணக்கில் எல்லையோரம் ஓடினால் சின்னப் பிளக் சூடாகும். மோட்டார் இன்னும் மோசம். கிளம்பும் நொடியில் அது ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். பிளக்கின் உள்ளே கரண்டைத் திறந்து மூடும் ரிலேயின் தொடுமுனைகள் அப்போது எழும் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டால், ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பம்புக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் தகுந்த கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் மின் சுவிட்ச்) போட்டு, ஸ்மார்ட் சுவிட்ச் அந்தக் கான்டாக்டரை மட்டும் இயக்கும்படி வைப்பதுதான் சரி.

கம்பெனி மூடினால்?

விலையையும் நட்சத்திர மதிப்பீட்டையும் பார்த்து வாங்குகிறோம். கம்பெனியின் சர்வர் இல்லாமல் இது ஓடுமா என்பதைப் பார்ப்பதில்லை. ரெவால்வ் என்ற ஹப்பை, அதாவது பல சாதனங்களை ஒன்றாக இயக்கும் பெட்டியை, 299 டாலருக்கு விற்றார்கள். அந்த நிறுவனத்தைக் கூகுளின் நெஸ்ட் 2014-ல் வாங்கியது, 2016 மே மாதம் சேவை நின்றது, ஹப்பும் செத்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனியின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அடங்கிப்போயின. பதறிப்போய் ஹப்பை ரீசெட் செய்தால் அதைத் திரும்ப அமைத்துக்கொடுக்க எதிர்ப்பக்கம் சர்வரே இல்லை. கை வைக்காமல் விட்டவர்கள், ஹோம் அசிஸ்டன்ட் போன்ற வீட்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளோடு அதே ஹப்பை இணைத்துப் பிழைத்துக்கொண்டார்கள். சில மாதங்களுக்குப் பிறகு பயனர்கள் சிலரே சேர்ந்து இன்ஸ்டியானை வாங்கி மறுபடி ஓடவிட்டார்கள். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் அப்படி ஒரு பாக்கியம் வாய்க்காது.

ஆகவே வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், ஒரு சோதனை செய்யுங்கள். ரூட்டருக்கு வரும் இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்குங்கள், வைஃபை ஓடட்டும். இப்போது ஆப்பில் தொட்டால் விளக்கு எரிகிறதா? டைமர் நேரத்துக்கு ஓடுகிறதா? அப்புறம் கரண்டையே ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். சில பல்புகள் கரண்ட் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். நள்ளிரவில் படுக்கையறையில் அது நடந்தால் என்ன வசவு விழும் என்று உங்களுக்கே தெரியும். 'பழைய நிலைக்கே திரும்பு' என்ற அமைப்பு ஆப்பில் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். பத்து வாங்கினால் மலிவு என்று சொன்னாலும் முதலில் ஒன்றே ஒன்றை வாங்கி, சிக்னல் மோசமாக இருக்கும் மூலையில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்.

பெட்டியில் 'மேட்டர்' என்ற பொதுத் தரத்தின் முத்திரை இருந்தால் உதவும், ஆனால் அது மந்திரமில்லை. 2022 அக்டோபரில் வெளியான இந்தத் தரம் வீட்டுக்குள்ளேயே கட்டுப்படுத்த வழி செய்கிறது. ஒரே சாதனத்தைப் பல கம்பெனி ஆப்களில் சேர்க்கலாம். ஆனால் த்ரெட் வழியாக ஓடும் மேட்டர் சாதனத்துக்கு வீட்டில் ஒரு த்ரெட் பார்டர் ரூட்டர் (த்ரெட் வலையை வீட்டு வைஃபையோடு இணைக்கும் சாதனம்) வேண்டும். அதைப் பார்க்காமல் வாங்கினால் சாதனம் பெட்டியிலேயே கிடக்கும். சில சிறப்பு வசதிகளும் அந்தந்தக் கம்பெனி ஆப்பில்தான் கிடைக்கும். ஜிக்பீ போன்ற இன்னொரு முறையான இசட்-வேவ் வாங்குவதானால் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறலாம் என்பது நினைவிருக்கட்டும். அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868. ஒரு அலைவரிசைக்கு வாங்கியதை வேறு அலைவரிசை ஹப்போடு சேர்க்க முடியாது.

கேமரா வாங்கும்போது மட்டும் கூடுதல் கண்டிப்பு தேவை. 2016-ல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை வைத்தே ஏராளமான கேமராக்களையும் ரூட்டர்களையும் வளைத்துப் போட்டது. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் அப்படிப்பட்ட பொதுப் பாஸ்வேர்டுகளுக்குச் சட்டப்படி தடை. பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலம் வரும் என்பதையும் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தக் காலம் பொருளின் இணையப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதாத கேமராவை நான் வாங்குவதில்லை.

பேட்டரி அளவை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. சிஆர் 2032 போன்ற லித்தியம் காசு பேட்டரி கடைசிவரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜைக் காட்டிவிட்டுச் சட்டென்று விழும். நேற்று 80 சதவீதம் காட்டிய சென்சார் இன்று பேசாவிட்டால் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியைத்தான்.

சுவருக்குள் எதையும் வைத்து மூடுவதற்கு முன் அதன்மேல் ஒட்டியிருக்கும் இணைப்புக் குறியீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டர் சாதனங்களில் கியூஆர் குறியோடு 11 இலக்க எண் ஒன்று இருக்கும், அதுதான். ஒருமுறை நான் அதைப் படம் எடுக்காமல் சுவிட்சை மாட்டிவிட்டேன். ரூட்டர் மாறிய அன்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, சுவிட்ச் பெட்டியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பதினோரு எண்களைப் படித்தோம்.