கன்னத்துப் பழுப்புப் புள்ளிகள்: என் அனுபவம்

பரு ஆறிய இடங்களில் பழுப்புப் புள்ளிகள் தங்கிவிட்டன. முதலில் எலுமிச்சைச் சாறு தடவினேன். எரிச்சல்தான் மிச்சம், புள்ளிகள் இன்னும் கருத்தன. தோல் புண்பட்டால் நிறமி கூடத்தான் செய்யும் என்று அப்புறம்தான் புரிந்தது. சரி என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் எஸ்பிஎஃப் 30 (வெயில் காப்பு அளவு) சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். இரவில் 5 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்), அதன்மேல் சாதாரண மாய்ஸ்சரைசர். செலவு அவ்வளவுதான். முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். 3 மாதத்தில் பெரும்பாலானவை மங்கிவிட்டன. மூக்கோரம் ஒன்று மட்டும் அசையவில்லை. அதன் ஓரம் ஒழுங்கற்று இருந்ததால் தோல் மருத்துவரிடம் காட்டினேன். வெறும் மச்சமாம்!