அடம்பிடிக்கும் குழந்தைக்குப் போதிய புரதம் கிடைக்கச் செய்வது எப்படி?

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் புரதம் ஏறத்தாழ 12 முதல் 13 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராமும், 200 மில்லி பசும்பாலில் அதே அளவும் இருப்பதால், இவ்விரண்டும் உள்ளே போனாலே கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். ஆகவே, குழந்தை தட்டைத் தள்ளிவிடுகிறதே என்று பதறிப் புரத மாவு டப்பா வாங்குவதற்கு முன், இரண்டு மூன்று நாள்கள் அது உண்பதையெல்லாம், இடையில் கொறிக்கும் பிஸ்கட் உட்பட, ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். அந்த மாவுகள் பலவற்றில் சர்க்கரையே கணிசமாக இருக்கும்.

அப்படிக் குறித்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பாலாகத்தான் இருக்கும். சோறு இறங்கவில்லையே என்று வேளைக்கொரு புட்டிப் பால் கொடுத்தால், வயிறு நிறைந்த குழந்தைக்குப் பசி எங்கிருந்து வரும்? நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் போனால், பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் இரத்தசோகையும் வரக்கூடும்.

அடுத்தது பருப்புத் தண்ணீர். பருப்பு வெந்த நீரை மேலாக இறுத்துச் சோற்றில் பிசைந்து ஊட்டுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். ஆனால் புரதத்தின் பெரும்பகுதி அடியில் தங்கும் பருப்போடு நின்றுவிடுகிறது. ரசஞ்சோற்றின் கதையும் அதுவே. 15 கிராம் துவரம்பருப்பையோ பாசிப்பருப்பையோ குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் 3 கிராம் புரதம் அப்படியே சேரும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) பருப்பில் நிறைய இருப்பதால், பருப்புச்சோறு சைவ வீடுகளுக்கு மிகப் பொருத்தமான உணவு.

பருப்பையே துப்பும் குழந்தைக்கு, ஏற்கெனவே விரும்பி உண்ணும் பண்டத்தின் வழியாகக் கொடுப்பதே எளிது. தோசைப் பிரியர் என்றால், கல்லில் மாவை வார்த்து, மேற்புறம் ஈரமாக இருக்கும்போதே அடித்த முட்டையைப் பரப்பி, திருப்பிப் போட்டு நன்றாக வேகவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் கையில் கொடுக்கலாம். முட்டை சேர்க்காதவர்கள் பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்து மெல்லிய அடையாக வார்க்கலாம். கஞ்சியில் ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவைக் கட்டியில்லாமல் கரைத்தால் ஏறத்தாழ 2 கிராம் கூடும். கொண்டைக்கடலையைத் தோல் நீக்கி மசித்தும், மீனை முள் பார்த்து உதிர்த்தும் கொடுக்கலாம். முழு வேர்க்கடலை மட்டும் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நைசாகப் பொடித்துச் சேர்க்கலாம். முட்டை, வேர்க்கடலை, மீன் ஆகியவற்றை முதன்முறை சிறிதளவே கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

புதிய உணவைப் பழகிய உணவின் பக்கத்தில் ஒரு கரண்டி மட்டும் வைத்து, தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். பத்துத் தடவைக்கு மேல் பார்த்த பிறகே வாயில் வைக்கும் குழந்தைகள் உண்டு. கைப்பேசியைக் காட்டி ஊட்டினால் அன்றைக்கு இறங்கும், ஆனால் தன் பசியைத் தானே அறியும் பழக்கம் வராது.

எடை ஏறாமல் நின்றாலோ, காலில் வீக்கம் தெரிந்தாலோ, உண்ணும் பண்டங்கள் நான்கைந்தாகச் சுருங்கிவிட்டாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோனால் அவருக்கு உதவும்.