துன்பியல் நாடகம் முடிந்த பின்: அதன் தொடர்ச்சியாக ஓர் இருண்ட நகைச்சுவையை எழுதும் முறை

செவ்வியல் துன்பியல் நாடகம் ஒன்றின் தொடர்ச்சியாக மேடை நகைச்சுவை எழுத விரும்புவோர், முதலில் மூலநாடகத்தின் கடைசிக் காட்சியைக் கையில் பென்சிலோடு படிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் சில ஆணைகள் இருக்கும். ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ முடியும்போது, புதிய பேரரசனான லூஷியஸ், கொடியவனான ஏரனை மார்பளவு மண்ணில் புதைத்துப் பட்டினி போட வேண்டும் என்றும், ஏரனின் காதலியும் இறந்த பேரரசனின் மனைவியுமான தமோராவின் உடலை விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் எறிய வேண்டும் என்றும் கட்டளையிடுகிறான். ‘ஹாம்லெட்’டின் முடிவில் ஃபோர்டின்பிராஸ் உடல்களைத் தூக்கச் சொல்கிறான். ஆணையிட்டவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்; தூக்க வேண்டியவர்தான் உங்கள் நாயகர். ஏரனுக்குக் குழி வெட்ட வந்தவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “மார்பளவு என்றால் யாருடைய மார்பளவு, என்னுடையதா, அவனுடையதா?” என்று கேட்கும் கணத்தில் நகைச்சுவை தொடங்கிவிடுகிறது.

அடுத்து, மூலத்தில் இறந்தவர்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பார்வையாளர் கண்முன் இறந்தவர்கள், திரைக்குப் பின்னால் இறந்தவர்கள். முதல் வகையினரை உயிர்ப்பிக்கக் கூடாது. உயிர்ப்பித்தால் மூலநாடகமே பொய்யாகிவிடும். இரண்டாம் வகையில்தான் உங்களுக்கு இடம் உண்டு. டெய்லர் மேக் எழுதி, நேதன் லேன் நடிப்பில் 2019இல் பிராட்வேயின் பூத் அரங்கில் மேடையேறிய, ‘டைட்டஸ்’ நாடகத்தின் தொடர்ச்சியான ‘கேரி’ இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொண்டது. மூலத்தில் புறாக்களோடு அரசவைக்கு வந்து, கொண்டுவந்த கடிதத்தின் பொருட்டுத் தூக்குக்கு அனுப்பப்படும் கோமாளி, அங்கே தண்டனையிலிருந்து தப்பி, பிணங்கள் குவிந்த விருந்து மண்டபத்தைத் துப்புரவாக்கும் வேலைக்கு வருகிறான். பிணத்தில் தேங்கிய காற்றை வெளியேற்றும் முறையை ஜானிஸ் என்னும் பணிப்பெண் அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். அவளுக்கு அது அன்றாட வேலை, ஆகவே அவள் சிரிப்பதில்லை, நாம் சிரிக்கிறோம்.

துன்பியலோடு நகைச்சுவையைக் கலப்பது புதிதன்று. பண்டைய ஏதென்ஸின் டயோனிசஸ் விழாவில், ஒரு கவிஞர் மூன்று துன்பியல் நாடகங்களுக்குப் பின் ஒரு சாட்டிர் நாடகத்தை, அதாவது பாதி மனிதர், பாதி விலங்கான சாட்டிர்கள் குழுவாக வரும் கேலி நாடகத்தை, அளிப்பது வழக்கம். முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே சாட்டிர் நாடகமான யூரிப்பிடீஸின் ‘சைக்ளோப்ஸ்’ஸில், சாட்டிர்களின் தந்தையான சைலீனஸ் மதுவுக்காக நாக்கைத் தொங்கவிட்டு அலையும் அதே வேளையில், ஒடிசியஸின் தோழர்கள் ஒற்றைக்கண் அரக்கனால் உண்மையிலேயே தின்னப்படுகிறார்கள். கேலி மரணத்தின் கனத்தைக் குறைக்கவில்லை என்பதைக் கவனித்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நாக்கும் கைகளும் வெட்டப்பட்ட, டைட்டஸின் மகள் லவீனியாவின் காயத்தை நகைச்சுவையாக்குவது கோழைத்தனம் என்பது என் கருத்து. அதே மண்டபத்தில், எந்த உடல் இறந்த பேரரசருடையது, எதற்கு எந்த மரியாதை, கறை போக எத்தனை வாளித் தண்ணீர் வேண்டும் என்று அதிகாரத்தின் ஒழுங்கைக் கணக்குப் பார்க்கும்போது சிரிப்பு தானே உரிய இடத்தில் விழும். இந்தக் கணக்கெடுப்பு, மூலத்தை அறியாத பார்வையாளருக்கு முன்கதையையும் சொல்லிவிடும். அதற்கென்று தனிக் கதைசொல்லி தேவையில்லை.

வசனத்தில், மேலோருக்குச் செய்யுளையும் பணியாளருக்கு உரைநடையையும் கொடுத்துப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் கோமாளிகள் பெரும்பாலும் உரைநடையில்தான் பேசுகிறார்கள். ஆணையைத் திருப்பிச் சொல்ல நேரும் பணியாள் செய்யுளில் தடுமாறுவது, தயாரித்த துணுக்குகளைவிட நன்றாக எடுபடும்.

பிணங்களுக்குப் பொம்மைகளைப் பயன்படுத்துவதானால், அரங்கேற்றத்தில் பயன்படுத்தப்போகும் அதே எடையுள்ளவற்றை முதல் ஒத்திகையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். ஓர் உடலை மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுக்க ஆகும் நேரம் மூச்சிரைப்போடு சேர்ந்து வசனத்தின் நீளத்தை மாற்றிவிடும்; பஞ்சு பொம்மையை வைத்து ஒத்திகை பார்த்த காட்சியை அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் வெட்டித் திருத்துவது யாருக்கும் உவப்பான வேலையன்று.