வாய் வறண்டால் புளிப்பு மிட்டாய் வேண்டாம்

முடக்குவாதத்தோடு வாய் வறட்சியும் இருந்தால், சாப்பிட்டதும் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு சேர்த்த, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தைப் பத்து நிமிடம் மெல்லுங்கள். மூட்டைத் தாக்கும் அதே எதிர்ப்புச் சக்தி சிலருக்கு உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும். ஷோகிரன் நோய் என்பார்கள். மிச்சமிருக்கும் சுரப்பை மெல்லும் அசைவு தூண்டிவிடும். புளிப்பு மிட்டாயும் எச்சிலை ஊற வைக்கும்தான், ஆனால் வறண்ட வாயில் பல்லை அரித்துவிடும். மதுரை வெயிலுக்கு ஜிகர்தண்டா இழுக்கத்தான் செய்யும். சரி, குடித்துவிட்டு உடனே வாய் கொப்பளியுங்கள். பரோட்டா தொண்டையில் அடைத்தால் சால்னாவில் நன்றாக ஊறட்டும்.

தாடை மூட்டு வலிப்பவர்களுக்குச் சூயிங்கம் சரிப்படாது. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பதே மேல். காதுக்குக் கீழே வீங்கி வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ, மென்றுகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.